சூடாக ஒரு குடலை இட்லி

உத்திரமேரூரிலிருந்து பஸ் பிடித்து, காஞ்சிபுரத்தில் ஒரு சின்ன ஓட்டலில் குடலை இட்லி சாப்பிட்டோம். வரதராஜப் பெருமாள் கோயில் பிரசாதமாகப் பேர் பெற்றது இது. அரிசி, உளுந்து மாவில் மிளகு, சீரகம், சுக்கு, நெய் சேர்த்து, மந்தாரை இலை பரப்பிய மூங்கில் குடலையில் மணிக்கணக்காக வேக வைப்பார்கள்.

"அம்மா, இன்னிக்குத்தான் நீ எங்களோட உட்கார்ந்து சாப்பிடறே!" என்றாள் என் சின்னவள். மனசு சுருக்கென்றது. வீட்டில் ஈடு ஈடாக எடுத்துப் போட்டுவிட்டு, ஆறிப்போன கடைசி இட்லிதானே நமக்கு?

குடலை இட்லியோ ஒரே ஈட்டில் எல்லோருக்கும் ஆகிவிடும். குடலை இல்லையா, சகோதரிகளே? டம்ளர்களில் நெய் தடவி, முக்கால் அளவு மாவு ஊற்றி வேக வையுங்கள். ஈர்க்குச்சியால் குத்தினால் மாவு ஒட்டக்கூடாது. குழந்தைகளுக்கு மிளகைப் பொடித்துப் போடுங்கள். அடுப்பை அணைத்துவிட்டு நீங்களும் கூடவே உட்காருங்கள். பிள்ளைக்குப் பால் கொடுக்கிற உடம்புக்கும் சூடான சாப்பாடு வேண்டாமா?