சைக்கிளில் ஒரு ஸபர்: சாகாமம் குளம் முதல் எல்ல மலை வரை

 

நிந்தவூர்ப் பக்கமிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். அவருடைய மகன் சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்து வீட்டில் இருக்கிறான். கூட்டாளிமார் நான்கு பேருடன் சைக்கிளிலேயே பொத்துவில் போய், மொனராகலை, வெல்லவாய வழியாக எல்ல மலைக்கு ஏறி வரவேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறானாம். “இது வீண் சுற்றலா, மார்க்கத்தில் இதற்கு இடமுண்டா? எனக்கு நெஞ்சு பதறுகிறது” என்கிறார். கடிதத்தின் ஓரத்தில் சின்ன எழுத்தில் இன்னொரு கேள்வியும் இருக்கிறது: “இளைய மகளும் சைக்கிள் பழகக் கேட்கிறாள், அவளுக்கு என்ன சொல்வது?”

இரண்டுக்கும் பதில் எழுதுகிறேன். இது ஒரு வீட்டுக் கேள்வி மட்டுமல்ல என்பதால் எல்லோரும் வாசியுங்கள்.

முதலில் மார்க்கத்தின் நிலை. ஸூரத்துல் அன்கபூத்தின் 20ஆம் வசனம், பூமியில் பிரயாணம் செய்து படைப்பு எப்படித் தொடங்கியது என்று பார்க்கும்படி நம்மை ஏவுகிறது. ஸூரத்துல் முல்க்கின் 15ஆம் வசனம், அல்லாஹு தஆலா பூமியை நமக்கு வசப்படுத்தித் தந்திருப்பதை ஞாபகமூட்டி, அதன் பல பாகங்களிலும் நடக்கச் சொல்கிறது. மொரோக்கோவிலிருந்து புறப்பட்ட இப்னு பதூதா 1344இல் நம் இலங்கைக்கு வந்து, புத்தளம் பக்கம் கரையிறங்கி, பாவா ஆதம் மலைக்கு ஏறிச் சென்றதை எழுதி வைத்திருக்கிறார். ஆக, மலையைப் பார்க்கப் போவது நமக்குப் புதிதல்ல. பார்க்கிற கண்ணில் சிந்தனை இருக்கிறதா, போகிற பிள்ளையின் நிய்யத் சரியா என்பதுதான் கேள்வி.

சிந்திப்பதற்குச் சைக்கிள் நல்ல வாகனம். பஸ்ஸில் போகிறவர் ஜன்னலால் எதையோ பார்த்தபடி தூங்கிப் போவார். சைக்கிளில் போகிறவருக்கு ஒவ்வொரு ஏற்றமும் காலில் தெரியும், ஒவ்வொரு காற்றும் முகத்தில் தெரியும்.

ஆனால் எடுத்த எடுப்பில் மலைக்கு அனுப்ப வேண்டாம். மூன்று கட்டமாகப் பிள்ளையைப் பழக்குங்கள்.

முதற்கட்டம் நம் கரைப்பகுதி. ஒரு விடுமுறை நாளில் ஸுப்ஹு தொழுதவுடன் புறப்பட்டு, ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று போய், அங்கிருந்து சாகாமம் வீதியால் சாகாமம் குளம் வரைக்கும் போய் வரட்டும். கடலோர ஊரிலிருந்து வயல்வெளிக்குள் நுழைந்து குளக்கட்டைத் தொடுகிற பாதை அது. மேடு பள்ளம் அதிகமில்லை. கால் தாங்குகிறதா, பிரேக் பிடிக்கிறதா, ஐந்து பேரும் சண்டையில்லாமல் திரும்பி வருகிறார்களா என்பதெல்லாம் அன்றே தெரிந்துவிடும்.

இரண்டாங்கட்டம் பள்ளத்தாக்கு. காரைதீவுச் சந்தியால் திரும்பி, சம்மாந்துறை ஊடாக அம்பாறை போய், அப்பால் இங்கினியாகலை அணைக்கட்டைப் பார்த்து வரட்டும். பட்டிப்பளை ஆறு என்று நம் மூத்தவர்கள் சொன்ன கல்லோயா, பதுளைக்குக் கிழக்கேயுள்ள மலைகளில் பிறந்து, ஏறத்தாழ 108 கிலோமீற்றர் ஓடி, கல்முனைக்குத் தெற்கே கடலில் விழுகிறது. 1949இல் அதை மறித்து அணை கட்டத் தொடங்கினார்கள். அப்படி உண்டானதே சேனாநாயக்க சமுத்திரம். நம் பகுதி வயல்கள் பலவற்றுக்கு அங்கிருந்துதான் தண்ணீர் வருகிறது. நீங்கள் சோறு வடிக்கும் அரிசி எந்த மலையின் மழையால் விளைந்தது என்று உங்கள் பிள்ளைக்குத் தெரியுமா? கண்ணால் கண்டு வந்தால், “பிஸ்மில்லாஹ்” சொல்லிக் கோப்பையில் கை வைக்கும்போது அதன் அருத்தம் விளங்கும்.

மூன்றாங்கட்டம்தான் அந்தத் தம்பி கேட்கும் பெரிய பிரயாணம். அக்கரைப்பற்றிலிருந்து தம்பிலுவில், திருக்கோவில், கோமாரி தாண்டிப் பொத்துவில் வரை கரையோரம். அங்கிருந்து மேற்கே திரும்பினால் லகுகலைக் காடு. பிறகு சியம்பலாண்டுவ, மொனராகலை, புத்தல, வெல்லவாய. வெல்லவாயவுக்குப் பிறகு பாதை மலையில் ஏறத் தொடங்குகிறது. இராவணன் நீர்வீழ்ச்சி அந்தப் பாதையோரத்திலேயே விழுகிறது. எல்ல, கடல் மட்டத்திலிருந்து 1,000 மீற்றருக்கு மேலே இருக்கும் ஊர். ஏற முடியாத இடத்தில் இறங்கி உருட்டிக்கொண்டு போவதில் வெட்கமில்லை என்று பிள்ளைக்குச் சொல்லி வையுங்கள்.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். நடு வருஷத்தில் நம் பக்கம் வீசும் கச்சான் காற்றை அறியாதவர் நம்மில் யார்? கொடியில் போட்ட துணி கால்மணி நேரத்தில் மொறுமொறுவென்று காய்ந்துவிடும். தென்மேற்கிலிருந்து வரும் மழைக்காற்று மலைநாட்டின் மறுபக்கச் சரிவில் தன் மழையைக் கொட்டிவிட்டு, ஈரமிழந்து இந்தப் பக்கம் இறங்குகிறது. இறங்க இறங்கச் சூடேறுகிறது. அதுதான் கச்சான். அங்கே தேயிலைக்கு மழையும் இங்கே நமக்கு வெயிலும் ஒரே காற்றால் வருகின்றன. ஸுப்ஹானல்லாஹ்! அந்த மாதங்களில் மேற்கே மிதிப்பவருக்கு அது எதிர்க்காற்று. ஆகவே விடியற்காலையிலேயே புறப்பட்டு, வெயில் ஏறுமுன் பெரும்பகுதித் தூரத்தை முடித்துவிட வேண்டும். ஆனால் லகுகலையில் மட்டும் இருள் நீங்கி நன்றாக வெளிச்சம் வந்த பிறகே போகட்டும். அங்கே யானைகள் பாதைக்கு வரும். மாரி மழை பெய்யும் நவம்பர் முதல் ஜனவரி வரையுள்ள மாதங்களில் இந்தப் பயணமே வேண்டாம்.

இனித் தொழுகை. நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின்படி, போய்ச் சேரும் இடம் ஏறக்குறைய 80 கிலோமீற்றருக்கு மேற்பட்டிருந்தால் லுஹர், அஸர், இஷா ஆகியவற்றைக் கஸ்ராகத் தொழலாம், ஜம்உ செய்தும் தொழலாம். ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீற்றர் மிதிக்கிறோம் என்பது கணக்கல்ல, நாடிப் போகும் இடத்தின் தூரமே கணக்கு. எல்லவுக்கு என்று நிய்யத் வைத்துப் போகிறவர், தன் ஊர் எல்லையைத் தாண்டியதும் முஸாபிர்தான். சாகாமம் குளத்துக்குப் போய் வருகிறவருக்குக் கஸ்ர் இல்லை. எங்கே போகிறோம் என்ற தீர்மானமே இல்லாமல் ஊர் ஊராகச் சுற்றுகிறவருக்கும் அந்தச் சலுகை இல்லை. இதைப் பிள்ளை புறப்படுமுன் சொல்லிக் கொடுங்கள்.

மூவர் பிரயாணம் போனால் ஒருவரை அமீராக்கிக் கொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். ஐவருக்கு அது இன்னும் தேவை. எங்கே நிற்பது, எப்போது தொழுவது என்பதை அமீர் சொல்லட்டும். மேட்டில் ஏறும்போது தக்பீரும், பள்ளத்தில் இறங்கும்போது தஸ்பீஹும் சொல்வது ஸஹாபாக்களின் வழக்கம் என்று ஸஹீஹுல் புகாரியில் வருகிறது. வெல்லவாயவிலிருந்து எல்ல வரைக்கும் அல்லாஹு அக்பர் சொல்லிச் சொல்லி ஏறுகிற பிள்ளைக்கு அதைவிட நல்ல பாடத்தை நான் மத்ரஸாவில் கொடுக்க முடியாது.

சகோதரியே, உங்கள் நெஞ்சுப் பதற்றத்தை நான் லேசாக எண்ணவில்லை. பல வருஷங்கள் இந்த வீதிகளில் பிள்ளையை அனுப்பிவிட்டு வாசலிலே காத்திருந்த உம்மாமார் நம்மூர் உம்மாமார். யுத்தம் 2009இல் முடிந்தது. அதற்கு முன் 2004 டிசம்பர் 26இல் நம் மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் கடலோடு போயின. பயம் நமக்குச் சும்மா வந்ததல்ல. ஆனால் அந்தப் பயத்தை நம் பிள்ளைகளுக்குச் சீதனமாகக் கொடுத்துவிடக் கூடாது. தவக்குல் என்பது ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்விடம் ஒப்படைப்பது. பிரேக் கட்டையும் செயினும் சரிபார்ப்பது, தலைக்கவசம், பின் விளக்கு, பம்ப், மாற்று டியூப், தண்ணீர்ப் போத்தல், மாலையில் ஒரு தொலைபேசி அழைப்பு: இவையெல்லாம் ஒட்டகத்தைக் கட்டுவதுதான். கட்டிவிட்டு துஆச் செய்யுங்கள். பிரயாணியின் துஆவும் ஏற்கப்படும், பெற்றவரின் துஆவும் ஏற்கப்படும்.

இனி அந்த ஓரத்துக் கேள்வி.

சின்ன வயதில் சைக்கிள் ஓடிய பெண்பிள்ளை, வயது வந்ததும் அதைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டு உட்கார்ந்துகொள்ளும் வழக்கம் நம் வீடுகள் பலவற்றில் இருக்கிறது. வாகனத்தில் ஏறுவது பெண்ணுக்கு ஹராம் என்று எந்தக் கிதாபிலும் நான் ஓதவில்லை. ஒட்டகத்தில் ஏறும் பெண்களில் குறைஷிப் பெண்களைச் சிறந்தவர்களாக நபி (ஸல்) அவர்கள் புகழ்ந்த ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. ஒரு பிரயாணத்தின்போது அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் நபியவர்கள் ஓட்டப் பந்தயம் ஓடியதை அபூதாவூதில் காணலாம். மறைக்க வேண்டியதை மறைத்து, ஒழுக்கம் பேணி, தூரப் பயணமானால் மஹ்ரம் துணையோடு போவது: இவைதான் நிபந்தனைகள். சைக்கிள் அந்த நிபந்தனைகளில் எதையும் உடைப்பதில்லை.

தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்கள் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துப் பெண்களுக்குப் பழக்க ஏற்பாடு செய்தார்கள். ஒரு இலட்சம் அளவில் கிராமத்துப் பெண்கள் பழகினார்கள். முஸ்லிம் குடும்பங்களின் பெண்களும் அவர்களில் இருந்தார்கள். பஸ்ஸுக்கும் ஆண் துணைக்கும் காத்திருந்த வேலைகளைத் தாங்களே முடித்தார்கள். நம் நாட்டில் 2022இல் பெற்றோல் வரிசைகள் நீண்டபோது என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். சைக்கிள் ஓடத் தெரிந்த வீட்டில் மருந்து வாங்கப் போக ஆள் இருந்தது. தெரியாத வீட்டில் யாராவது வரும்வரை காத்திருந்தார்கள்.

ஆகவே சகோதரி, மகளுக்குப் பழக்குங்கள். வாப்பாவோ காக்காவோ பக்கத்தில் ஓடி வரட்டும். செயின் கவர் உள்ள பெண்கள் சைக்கிள் வாங்குங்கள். அபாயாவின் விளிம்பு செயினிலோ சக்கரக் கம்பியிலோ சிக்காதபடி, உள்ளே தளர்ந்த கால்சட்டையும் மேலே முழங்கால் தாண்டிய தளர்ந்த உடுப்பும் உடுக்கப் பழக்குங்கள். பழகி முடிந்ததும் ஒரு வெள்ளிக்கிழமைக் காலையில் குடும்பமாகச் சாகாமம் குளம் வரை போய் வாருங்கள். மூத்தவன் எல்லவுக்குப் போகுமுன் தங்கைக்கு வழிகாட்டுகிற பொறுப்பை அவனுக்குக் கொடுங்கள். அதை ஒழுங்காகச் செய்தால் மலைக்குப் போகும் பக்குவமும் அவனுக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

அல்லாஹு தஆலா நம் பிள்ளைகளைப் பிரயாணத்திலும் ஊரிலும் பாதுகாத்து, பார்ப்பதிலெல்லாம் அவனை ஞாபகம் கொள்ளும் நல்லடியார்களாக ஆக்கி வைப்பானாக. ஆமீன். வஸ்ஸலாம்.