இடிபாட்டில் உயிர் தேடும் எந்திரப் பாம்பு

பாம்பைக் கண்டால் படையும் நடுங்கும் என்பார்கள். ஆனால், பாம்பைப் போலவே ஓர் எந்திரத்தை மனிதன் செய்திருக்கிறான். அது சீறாது, கடிக்காது. இடிந்த வீட்டுக்குள் நுழைந்து, யாராவது உயிரோடு இருக்கிறார்களா என்று தேடும்!

பூகம்பத்தில் ஒரு மாடிக் கட்டிடம் சரிகிறது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே சிறு சந்துகள்தான் மிஞ்சுகின்றன. அவற்றில் ஆள் நுழைய முடியாது. அவசரப்பட்டு மேலிருந்து தோண்டினால், மீதிச் சுவரும் உள்ளே இருப்பவர் மீது விழலாம். கால் வைத்த எந்திரம் இடறும். சக்கரம் வைத்த எந்திரம் சிக்கிக்கொள்ளும். காலே இல்லாத பாம்புக்குத்தான் அந்த வழி ஏற்றது.

வழி காட்டியவர்

பாம்பு எப்படி நகர்கிறது என்பதை ஜப்பான் விஞ்ஞானி ஷிகியோ ஹிரோசே ஆராய்ந்தார். பாம்பின் உடல் முன்னே எளிதாக வழுக்கும். பக்கவாட்டில் எளிதாக வழுக்காது. அதனால், உடலை வளைத்து வளைத்துத் தள்ளும்போது அது முன்னே போகிறது. இந்த முறையில் 1972-ம் ஆண்டில் அவர் டோக்கியோவில் ஓர் எந்திரப் பாம்பைச் செய்து ஓடவிட்டார்.

பின்னர் வந்த பாம்புகள் பல, சக்கரம் இல்லாமலே நகர்ந்தன. சிறு சிறு துண்டுகளைக் கோத்து உடலைச் செய்தார்கள். ஒரு மூட்டு இடம் வலமாக வளையும். அடுத்த மூட்டு மேலும் கீழும் வளையும். ஒவ்வொரு மூட்டிலும் ஒரு மோட்டார். தலையில் காமிராவும் விளக்கும் இருக்கும். வாலில் நீண்ட கம்பி.

இத்தனை மூட்டுகளையும் ஒரே ஆள் எப்படி ஆட்டுவது? கயிற்றின் ஒரு நுனியை உதறினால், அலை மறுநுனி வரை ஓடுகிறது அல்லவா? அதுபோலத்தான். "இப்படி அலை எழுப்பு" என்று ஆள் கட்டளை இடுகிறார். எந்த மூட்டு எப்போது வளைய வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது.

மெக்சிகோவில் சோதனை

2017 செப்டம்பர் 19-ந் தேதி மெக்சிகோ நாட்டைப் பூகம்பம் தாக்கியது. 300-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தார் தங்கள் பாம்பை அங்கே கொண்டு போனார்கள். சுமார் 3 அடி நீளம். 2 அங்குலப் பருமன். இடிந்த ஒரு குடியிருப்புக்குள் இரண்டு தடவை அது நுழைந்தது. உள்ளே இருந்ததைப் படமாகக் காட்டியது. உயிரோடு யாரும் அகப்படவில்லை.

அதற்காக அந்த முயற்சியை வீண் என்று தள்ளிவிடலாமா? கூடாது. அந்தச் சந்துக்குள் ஒரு மனிதன் தவழ்ந்து போயிருந்தால், அவன் உயிரும் போயிருக்கலாம். எந்திரம் உடைந்தால் வேறு செய்யலாம். மனிதனைச் செய்ய முடியுமா?

குறை வேறு இடத்தில் இருக்கிறது. பாம்பு வேறு நாட்டிலிருந்து வர வேண்டியிருந்தது! புதையுண்டவருக்கு ஒவ்வொரு மணி நேரமும் உயிர்ப் பிரச்சினை. வீடு பற்றி எரியும்போது கிணறு வெட்டினால் என்ன பயன்?

பூகம்ப ஆபத்துள்ள நாடுகள் இந்த எந்திரத்தை ஆராய்ச்சிச் சாலையில் பூட்டி வைக்கக்கூடாது. தீயணைப்புப் படையிடம் கொடுக்க வேண்டும். வீரர்களுக்குப் பழக்க வேண்டும். கண் மட்டும் போதாது. முனகலைக் கேட்கக் காதும், "பயப்படாதே, வருகிறோம்" என்று சொல்ல வாயும் அதற்கு வேண்டும்.

பாம்பு வழி காட்டும். கல்லைப் புரட்டி ஆளைத் தூக்க மனிதனின் கை வேண்டும். இரண்டும் உரிய நேரத்தில் ஓரிடத்தில் சேர்ந்தால், உயிர்கள் பிழைக்கும். அதற்கான ஏற்பாட்டைப் பூகம்பம் வருமுன் செய்வதே அரசாங்கங்களின் கடமை.