இருபது ரூபாய் அபராதம், ஆயுள் முழுவதும் தண்டனை

ஒரு வாலிபன் சிறு குற்றம் செய்தான் என்றே வைத்துக்கொள்வோம். கோர்ட் அபராதம் விதித்தது, கட்டிவிட்டான். அத்துடன் கணக்குத் தீர்ந்தது என்பதுதானே நியாயம்? ஆனால் ஏழை வீட்டுப் பிள்ளைக்குக் கணக்கு அங்கேதான் துவங்குகிறது. வேலைக்கு மனுப் போடும்போதெல்லாம் "உம்மீது கிரிமினல் வழக்கு இருந்ததுண்டா?" என்ற கேள்வி வந்து நிற்கிறது. உண்டு என்று எழுதினால் மனு ஒதுக்கப்படுகிறது. இல்லை என்று எழுதினால், உண்மையை மறைத்தான் என்று கிடைத்த வேலையும் பறிக்கப்படுகிறது.

எப்படிப்பட்ட வழக்குகள் இவை? கொலையா, கொள்ளையா? போனஸ் கேட்டு ஆலை வாசலில் திரண்டவர்கள் மீது, சட்டவிரோதமாகக் கூடியதாக வழக்கு. கூலி உயர்வு கேட்டுச் சாலையில் உட்கார்ந்த விவசாயத் தொழிலாளர் மீது, வழிமறித்ததாக வழக்கு. வரப்புத் தகராறில் நிலக்காரர் ஆட்கள் அடித்தால், அடிபட்டவன் மீதே ஓர் எதிர் வழக்கு. திருவிழாவில் நடந்த வாய்ச்சண்டைக்கும் ஒரு வழக்கு. "ஒப்புக்கொண்டு அபராதத்தைக் கட்டிவிட்டுப் போ, நாளைக் கூலியாவது மிஞ்சும்" என்று அவனுக்கு யோசனை சொல்லப்படுகிறது. வக்கீல் வைக்க வழியில்லாதவன், வாய்தாவுக்கு வாய்தா வேலையை இழக்க முடியாதவன், அப்படியே செய்கிறான். அன்று ஒப்புக்கொண்டது பத்தாண்டு கழித்துத் தன் பிழைப்பையே கேட்கும் என்று அவனுக்கு யாரும் சொல்வதில்லை.

இது நமது கற்பனையல்ல. அரியானாவில் ஒரு சர்க்கார் ஊழியர், பொது இடத்தில் ஆபாசமாக நடந்ததாகக் கூறும் 294-ம் பிரிவின் கீழ் இருபது ரூபாய் அபராதம் கட்டினார். அதற்காக அவர் வேலை போயிற்று. சுப்ரீம் கோர்ட் வரை வழக்காடிய பிறகே, 1996-ல் அவருக்கு நியாயம் கிடைத்தது. அந்தத் தீர்ப்பிலேயே சுப்ரீம் கோர்ட் பார்லிமெண்டுக்கு ஒரு யோசனை கூறியது: சில்லறைக் குற்றங்களுக்கு இரண்டாயிரம் ரூபாய் போன்ற ஒரு வரம்பு வரை விதிக்கப்படும் அபராதத்தை, எந்தக் காரியத்துக்கும் தண்டனையாகவே கருதக்கூடாது என்று ஏற்பாடு செய்யவேண்டும், இதில் தாமதமே கூடாது. கால் நூற்றாண்டுக்கு மேல் ஓடிவிட்டது. அப்படியொரு பொதுச் சட்டம் இன்னும் வரவில்லை.

தண்டிக்கப்பட்டவன் கதை இது. விடுதலையானவன் கதை என்ன? சந்தேகத்தின் பலனைக் கொடுத்துக் கோர்ட் விடுவித்தாலும், அவன் கிரிமினல் வழக்கில் சம்பந்தப்பட்டவனே என்று தமிழ்நாட்டுப் போலீஸ் பணி விதி கூறுகிறது. கோர்ட் விட்டாலும் விதி விடுவதில்லை! சர்க்கார் வேலை வேண்டாம், கம்பெனி வாசலில் காவலாளியாக நிற்கிறேன் என்று போனாலும், தனியார் காவல் நிறுவனங்களுக்கான 2005-ம் ஆண்டுச் சட்டப்படி அங்கேயும் நடத்தை விசாரணை உண்டு.

நமது கிராமங்களுக்கு இது புதிதல்ல. குற்றப் பரம்பரைச் சட்டம் என்ற ரேகைச் சட்டம், பிறந்த சாதிக்காகவே மனிதனைக் குற்றவாளி ஆக்கியது. சென்னை மாகாணத்தில் 1947-ல் அது ஒழிக்கப்பட்டது. அன்று ஸ்டேஷன் ரிஜிஸ்தர் செய்த வேலையை இன்று கம்ப்யூட்டர் செய்கிறது. ரிஜிஸ்தர் செல்லரித்துப் போகும், கம்ப்யூட்டர் மறப்பதில்லை.

மேலே இருப்பவர்களுக்கு என்ன சட்டம்? 2024-ல் லோக்சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட 543 பேரில் 251 பேர், தங்கள் மீது கிரிமினல் வழக்கு உண்டு என்று தாங்களே பிரமாணப் பத்திரத்தில் எழுதியவர்கள். அவற்றில் போராட்ட வழக்குகளும் இருக்கலாம். வழக்கு இருந்தாலே தகுதியில்லை என்று நாம் கூறவில்லை. நாம் கேட்பது ஒன்றே: நாட்டுக்குச் சட்டம் இயற்றத் தடையாக இல்லாத வழக்கு, வாசலில் காவல் நிற்க மட்டும் எப்படித் தடையாகிறது? அதோடு, 2023-ல் ஜன் விஸ்வாஸ் சட்டம் கொண்டுவந்து 42 சட்டங்களில் 183 பிரிவுகளைத் தளர்த்தினார்கள். தொழில் நடத்துவது சுலபமாகவேண்டும் என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. தொழில் நடத்துகிறவருக்குச் சலுகை. தொழில் தேடுகிறவனுக்குக் கைவிலங்கா?

"கெட்டவனை வேலைக்கு வைத்துக்கொள்ள முடியுமா?" என்று சிலர் கேட்பார்கள். குழந்தைகளைப் பராமரிக்கும் இடத்தில், பிறர் பணத்தைக் காக்கும் இடத்தில், வேலைக்குச் சம்பந்தமான குற்றத்தை விசாரிக்கட்டும். நாம் தடுக்கவில்லை. ஆனால் கோஷம் போட்டவனுக்கும் தறி ஓட்டுவதற்கும் என்ன சம்பந்தம்? முதலாளித்துவ நாடான பிரிட்டனிலேயே 1974-ல் ஒரு சட்டம் செய்தார்கள். அதன்படி, குறித்த காலம் வேறு குற்றமின்றிக் கழிந்தால் சிறு தண்டனைகள் காலாவதியாகிவிடும். பெரும்பாலான வேலைகளுக்கு அதைச் சொல்லவேண்டியதில்லை. இங்கே செய்ய முடியாதா?

மனமிருந்தால் முடியும். 2021 மே மாதம், தூத்துக்குடி ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டக்காரர்கள் மீதிருந்த வழக்குகளை வாபஸ் வாங்கி, படிப்புக்கும் வேலைக்கும் தடையில்லாச் சான்று தர ராஜ்ய சர்க்கார் உத்தரவிட்டது. மக்கள் ரத்தம் சிந்திய பிறகு கிடைத்தது அது. எல்லோருக்கும் உரிமையாகக் கிடைக்கவேண்டும்.

எனவே நாம் கோருவது:

1. அபராதத்துடன் முடிந்த சில்லறை வழக்குகள் வேலைக்குத் தடையாகாது என்று பார்லிமெண்ட் சட்டம் இயற்றவேண்டும்.
2. கோர்ட் விடுவித்தவனை, எந்த வார்த்தையில் விடுவித்திருந்தாலும், நிரபராதி என்றே நடத்தவேண்டும். போலீஸ் பணி விதி திருத்தப்படவேண்டும்.
3. கூலிக்கும் போனஸுக்கும் போராடியவர்கள் மீதுள்ள வழக்குகளை வாபஸ் வாங்கவேண்டும்.

சட்டம் வரும் வரை சும்மா இருக்கவேண்டியதில்லை. யூனியனும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் வாலிபர்களுக்குச் சில விஷயங்களை எடுத்துச் சொல்லவேண்டும். விளைவு தெரியாமல் எந்தக் குற்றத்தையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். தாலுகா, ஜில்லா கோர்ட்டுகளில் இலவசச் சட்ட உதவிக் குழு உண்டு. ஷெட்யூல்டு சாதியினர், பழங்குடியினர், பெண்கள், ஆலைத் தொழிலாளர் ஆகியோருக்கு 1987-ம் ஆண்டுச் சட்டம் அந்த உரிமையைத் தருகிறது. குற்றம் நிரூபணமானாலும், 1958-ம் ஆண்டு நன்னடத்தைச் சட்டப்படி எச்சரித்து விடும்படி கேளுங்கள். அப்படி விடப்பட்டவருக்குத் தண்டனையால் வரும் தகுதிக் குறைவு கிடையாது என்று அதன் 12-வது பிரிவு கூறுகிறது. தீர்ப்பு நகலை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். மனுவில் கேட்டால் மறைக்காதீர்கள். இளம் வயதில் கோஷம் போட்டது போன்ற அற்ப வழக்கு என்றால், மறைத்ததைக்கூட மன்னிக்கலாம் என்று 2016-ல் சுப்ரீம் கோர்ட் கூறியிருக்கிறது. ஆனால் மன்னிப்பதும் மன்னிக்காததும் வேலை கொடுப்பவன் கையில்தான் இருக்கிறது.

ஒருவன் கருணையில் தொங்குவது உரிமையல்ல. வேலை வாசலில் ஒரு வாலிபன் திருப்பி அனுப்பப்பட்டால், அவன் தனியாக வீடு திரும்ப விடக்கூடாது. அவனுடன் சங்கம் போகட்டும். ஒரு முறை கட்டிய அபராதத்தை வாழ்நாள் முழுவதும் வசூலிக்கும் அநீதிக்கு முடிவு கட்டுவோம்!