புட்டிக்குள் மறையும் கறள்

ஹற்றனில் எனது பழைய மொரிஸ் மைனரின் அடிப்பாகத்தைத் திறந்தபோது, கதவுகளுக்குக் கீழே ஓடும் பெட்டிச் சட்டத்துக்குள்ளிருந்து நனைந்த பத்திரிகைத் தாள்கள் கட்டியாக வந்து விழுந்தன. கறள் அரித்த ஓட்டையைத் தாளால் அடைத்து, மேலே புட்டி பூசி, வர்ணமும் அடித்து எனக்கு விற்றிருக்கிறார்கள். பத்திரிகைக்கு இப்படியும் ஒரு பயன் உண்டென்பது, இத்தனை ஆண்டுகள் அதில் எழுதிய எனக்குத் தெரியாமற் போயிற்று.

ஆனால் இது சிரித்துவிட்டுப் போகும் விடயமல்ல. 1948 முதல் 1971 வரை பிரித்தானியாவில் உருவான இந்தக் காருக்குத் தனியான அடிச்சட்டம் கிடையாது. உடலே அதன் எலும்பு. பெட்டிச் சட்டம் உக்கினால், மோதும்போது உள்ளே இருப்பவரைக் காக்க எதுவுமில்லை. மலையகத்தில் கடலுப்பு இல்லைதான். மூடுபனியும், சக்கர வளைவுகளில் அப்பிக்கொள்ளும் ஈரச்சேறும் போதும். புட்டியும் ஈரத்தை உறிஞ்சும். அதன் பின்னால் கறள் அமைதியாகத் தின்றுகொண்டிருக்கும்.

உக்கிய தகட்டை நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டி, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்து, மூட்டுகளை சீலரால் அடைத்து, உட்புறத்தில் மெழுகு பாய்ச்ச வேண்டும். எல்லா ஓட்டைகளையும் அடைப்பதும் தவறு. வயர் செல்லும் துளைக்கு றப்பர் வளையம் போதும். கதவின் அடியிலுள்ள துளைகள் நீர் வடிவதற்கானவை. என் காரில் அவற்றையும் புட்டியால் மூடியிருந்தார்கள்.

திறமையில்லாத நாடல்ல இது. மொரிஸ் மைனருக்கான உடற்தகடுகளை இங்கே செய்து பிரித்தானியாவுக்கே அனுப்பியவர்கள் நாம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கு மீண்டும் திறக்கப்படும்வரை, பழைய கார்களுக்கு விலை ஏறியது. புட்டிக்கும் மவுசு ஏறியது. நள்ளிரவில் பிரசவ வலியெடுத்த பெண்ணை லயத்திலிருந்து வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்பவர்கள், வந்த வாகனத்தின் அடியைக் குனிந்து பார்ப்பார்களா?

தனியார் காரின் அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்கப் புகைப் பரிசோதனை கட்டாயம். அடித்தகட்டைச் சுத்தியலால் ஒருமுறை தட்டிப் பார்ப்பதையும் கட்டாயமாக்க வேண்டும். ஏழைச் சாரதியின் பிழைப்பு கெடும் என்பார்கள். அவருக்குத் தகடு மாற்றச் சலுகைக் கடன் கொடுக்கலாமே.

நேற்றைய மழையில் பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்தார். "ஐயா, கதவுக்கு அடியில தண்ணி ஒழுகுதுங்க!"

"ஒழுகட்டும்" என்றேன்.