நர்சு படிப்பும் தலையெழுத்தும்

கலசப்பாக்கம் வட்டாரத்திலும், அதற்கு மேலேயுள்ள ஜவ்வாது மலைச் சிற்றூர்களிலும் நர்சு படிப்புக்குப் போக ஆசைப்படும் பெண் மக்கள் அநேகர் இருக்கின்றார்கள். அவர்களில் ஒரு பெண் முதல் வருஷப் பரீட்சையில் தவறி வீட்டுக்குத் திரும்பிவிட்டால் ஊரார் சொல்லும் சமாதானம் இரண்டே இரண்டுதான். "பெண்பிள்ளைக்கு அவ்வளவுதான் மூளை" என்பது ஒன்று. "அவள் தலையில் அப்படி எழுதியிருக்கின்றது" என்பது மற்றொன்று. இவ்விரண்டும் சுத்தப் பொய் என்பதே நமது அபிப்பிராயம். அவளுக்குப் பற்றாமல் போனது நேரம். அந்த நேரத்தை எந்தக் கிரகமும் பறிக்கவில்லை. மனிதர்கள் வகுத்த ஏற்பாடுதான் பறித்தது.

எப்படி என்பதைச் சற்று விரித்துச் சொல்லுவோம். பி.எஸ்.ஸி. நர்சிங் படிப்புக்குப் பிளஸ் டூவில் இயற்பியல், இரசாயனம், உயிரியல் மூன்றிலும் சேர்த்து நூற்றுக்கு 45 மார்க்கும், ஆங்கிலத்தில் தேர்ச்சியும் வேண்டும். பட்டியல் வகுப்பாருக்கும் பழங்குடியாருக்கும் 40 போதும். அதாவது பத்தாவது முடித்த 15 வயதில் சயின்ஸ் குரூப்பில் சேராத பெண்ணுக்கு அந்தக் கதவு அன்றைக்கே மூடப்பட்டுப்போகின்றது. அந்தக் குரூப்பைத் தேர்ந்தெடுப்பது அவளா? பள்ளிக்கூடத்தில் எது இருக்கின்றதோ அது. பஸ் எந்த ஊருக்குப் போகின்றதோ அது. மாமன் எதைச் சொன்னானோ அது!

டிப்ளமா படிப்பில் கலைப் பிரிவுப் பெண்களையும் சேர்க்க இந்திய நர்சிங் கவுன்சிலின் விதி இடந்தருகின்றது. நல்லது. ஆனால் சேர்ந்த பிறகு நடப்பது என்ன? உடற்கூறும் உடலியலும் சேர்ந்து வகுப்பில் 90 மணி நேரம், கிருமியியல் 30 மணி நேரம் என்பது பாடத்திட்டம். உயிரியல் புத்தகத்தையே கண்ணால் பாராத பெண், எலும்பு முதல் மூளை வரையில் 90 மணி நேரத்தில், அதுவும் பெரும்பாலும் ஆங்கிலப் பதங்களில் கற்றுக்கொள்ளவேண்டும். அதே மாதங்களில் படுக்கை விரிக்கவும், நாடி பார்க்கவும், காயம் கட்டவும் பழகவேண்டும். வார்டில் நாள் முழுவதும் நின்ற கால் வலியோடு இரவில் புத்தகம் பிரிக்கவேண்டும். வீட்டிலிருந்து போய்வருகிறவளாயிருந்தால் தண்ணீர் எடுப்பதும் உலை வைப்பதும் அவள் வேலையே. விடுமுறை வந்தால் கீழே களை எடுப்பு, மலையில் சாமை அறுப்பு, புளி உடைப்பு. சம்பளம் கட்டவேண்டுமே! அந்த வீட்டிலேயே படிக்கும் அண்ணனுக்குப் பரீட்சை என்றால் வீடே மூச்சுவிடாமல் நடக்கும். தங்கைக்குப் பரீட்சை என்றால் "சட்டியை அலம்பிவிட்டுப் படி" என்பார்கள். இவ்வளவையும் வைத்துவிட்டு மூளையைக் குறை சொல்லுவது யோக்கியமாகுமா என்று கேட்கின்றோம்.

இதற்குச் சில தயவாளர்கள் ஒரு வழி சொல்லுகின்றார்கள். ஊசி போடவும் கட்டு கட்டவும் இரசாயனம் எதற்கு, விஞ்ஞானப் பாடத்தைக் குறைத்துவிட்டால் ஏழைப் பெண்கள் சுலபமாய்த் தேறிவிடுவார்களே என்கின்றார்கள். இந்தத் தயவு நமக்கு வேண்டாம். 1847-இல் வியன்னா நகரப் பெரிய ஆஸ்பத்திரியில் நடந்ததை இவர்கள் கேட்கட்டும். அங்கே இரண்டு பிரசவ வார்டுகள் இருந்தன. மருத்துவச்சிகள் பார்த்த வார்டைவிட டாக்டர்களும் வைத்திய மாணவர்களும் பார்த்த வார்டில் தாய்மார்கள் அதிகமாய்ச் செத்தார்கள். கெட்ட காற்று என்றார்கள் சிலர். சாகிறவர்களுக்கு மந்திரம் ஓத வரும் பாதிரியின் மணிச்சத்தம் கேட்டுப் பயந்து சாகின்றார்கள் என்றுகூட ஒரு பேச்சு இருந்தது. செம்மல்வைஸ் என்ற டாக்டர், பிணத்தை அறுத்த கையோடே வந்து பிரசவம் பார்ப்பதுதான் காரணமென்று கண்டு, குளோரின் கலந்த நீரில் கை கழுவச் சொன்னார். சாவு மளமளவென்று குறைந்தது. கை கழுவுவது சின்ன வேலைதான். ஏன் கழுவுகின்றோம் என்பது தெரிந்தவள் அவசரத்திலும் கழுவுவாள். தெரியாதவளுக்கு அது அர்த்தம் தெரியாத மந்திரம். யாரும் பார்க்காவிட்டால் விட்டுவிடுவாள். ஆகையால் பாடத்தைக் குறைக்கக் கூடாது. நேரத்தைக் கூட்டவேண்டும்.

நர்சு வேலையை நம் நாட்டில் வெகுகாலம் தீண்டாமல் வைத்திருந்தது எது? இரத்தமும் மலமும் தீட்டு என்ற வைதீகம்தான். கலசப்பாக்கம் பகுதியை உள்ளிட்டிருந்த பழைய வட ஆர்க்காடு ஜில்லாவில், வேலூரில், 1909-லேயே ஐடா ஸ்கட்டர் அம்மையார் நர்சு பள்ளிக்கூடம் தொடங்கினார். அங்கேயே 1946-இல் பட்டப் படிப்பும் வந்தது. ஆனாலும் அதே 1946-இல் போர் கமிட்டியார் கணக்குப் பார்த்தபோது இந்தியாவில் 43,000 பேருக்கு ஒரு நர்சுதான் இருந்தாள். தீட்டுப் பார்த்த உயர்ந்தோர் அதற்கு என்ன வெட்கப்பட்டார்களோ, நாமறியோம்.

சர்க்கார் சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் 2022 முதல், சர்க்கார் பள்ளிகளில் படித்து மேல்படிப்புக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கப்படுகின்றது. அதை நாம் மனப்பூர்வமாய் வரவேற்கின்றோம். என்றாலும் 1,000 ரூபாய் என்பது சில நாள் கூலிதான். மீதி நாட்களை அவள் எங்கே வாங்குவாள்? டிப்ளமா முடித்து வேலையில் இருப்பவள் பட்டம் பெற நினைத்தால் கல்லூரியில் மேலும் இரண்டு வருஷம் முழு நேரமாய்ப் படிக்கவேண்டும். அவள் சம்பளத்தை நம்பியிருக்கும் குடும்பம் அதுவரையில் காற்றைக் குடிக்குமா? படிக்கும் காலத்திலும் சம்பளம் கொடுக்கிற ஆஸ்பத்திரி முதலாளியை எவரேனும் கண்டால் நமக்குத் தெரிவிப்பார்களாக.

ஜவ்வாது மலையில் காவலூரில் 1986 முதல் 93 அங்குலத் தொலைநோக்கி நட்சத்திரங்களைப் பார்த்துக்கொண்டிருக்கின்றது. அதே மலைப் பெண் ஒருத்தி, நர்சு பள்ளிக்குப் போகுமுன் ஒரு தடவையாவது மைக்ராஸ்கோப்பில் கிருமியைப் பார்த்திருக்கவேண்டும் என்று நாம் கேட்பது பேராசையா?

பிளஸ் டூ பரீட்சை மார்ச்சு, ஏப்ரலோடு முடிகின்றது. நர்சு வகுப்புகள் தொடங்க ஆகஸ்டு ஆகின்றது. சில வருஷம் அதற்கும் மேலே போகின்றது. கோடை விடுமுறையில் பள்ளிக்கூடத்து விஞ்ஞானக் கூடங்கள் பூட்டிக்கிடக்கின்றன. கலசப்பாக்கத்திலும் ஜமுனாமரத்தூரிலும் அந்தப் பூட்டைத் திறந்து, நர்சு படிப்புக்கு மனுப் போட்ட பெண்களுக்கு உடற்கூறும் இரசாயனமும் தமிழிலேயே மூன்று மாதம் சொல்லிக்கொடுக்கலாம். தமிழில் முடியுமா என்று கேட்பவர்களுக்கு, 19-ஆம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் டாக்டர் சாமுவேல் கிரீன் தமிழில் வைத்தியம் கற்பித்து, உடற்கூற்று நூலையும் தமிழில் கொண்டுவந்தார் என்பதே பதில். ஆங்கிலப் பதங்களைப் பொருள் விளங்கிய பிறகு ஏற்றிக்கொள்ளட்டும். வகுப்புக்கு வரும் நாட்களுக்குக் களை எடுக்கும் கூலியை அவர்கள் கையில் கொடுக்கவேண்டும். இல்லாவிட்டால் வயலுக்குத்தான் போவார்கள். பணம் எங்கே என்பார்கள். பர்வதமலை உச்சி வரையில் ஏறிக் கற்பூரம் கொளுத்தவும், பௌர்ணமிக்குப் பௌர்ணமி திருவண்ணாமலையைச் சுற்றவும் நம்மவர்களுக்குப் பணம் இருக்கின்றதே. அதில் ஒரு மாதத்துச் செலவு எவ்வளவு என்று முதலில் கணக்குப் பார்த்துச் சொல்லட்டும்.