நாற்காலிக்கு விலையா? பெயருக்கு விலையா?

கடைத்தெருவில் இப்போது மேஜை நாற்காலிகளுக்கும் மேதாவிகளின் பெயர் வந்துவிட்டது. "இது இன்னாருடைய டிஸைன்" என்று கடைக்காரர் ஒரு பெயரைச் சொல்கிறார். சொன்ன மாத்திரத்தில் விலை இரட்டிப்பாகிறது. வாங்க வந்தவரும் ஒரு தரம் உட்கார்ந்துகூடப் பார்க்காமல் தலையை ஆட்டிவிடுகிறார். உட்காருவதற்கு நாற்காலி என்ற காலம் போய், வந்தவர்களுக்குக் காட்டுவதற்கு நாற்காலி என்று ஆகிவிட்டது!

வீட்டுக்கு அழகான சாமான்கள் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அழகு வேண்டியதுதான். ஆனால் கொடுக்கும் பணம் மரத்துக்கா, வேலைப்பாட்டுக்கா, வெறும் பெயருக்கா என்று யோசிக்க வேண்டாமா? நம் தேசத்திலேயே பிறந்த ஒரு நாற்காலியின் கதையைக் கேட்டால் இந்த விஷயம் நன்றாக விளங்கும்.

சண்டிகர் நாற்காலி

1947-ல் தேசம் பிரிந்தபோது லாகூர் பாகிஸ்தானுக்குப் போயிற்று. இந்தியாவின் பங்குக்கு வந்த பஞ்சாபுக்குத் தலைநகர் இல்லை. புதிதாகச் சண்டிகர் நகரத்தை நிர்மாணிக்கும் பொறுப்பு, உலகப் புகழ் பெற்ற கட்டடக் கலைஞர் லெ கார்புஸியேயிடம் ஒப்படைக்கப்பட்டது. அவருடைய உறவினரான பியேர் ஜானெரேயும் 1951-ல் கூட வந்தார். லெ கார்புஸியே வந்து வந்து போனார். ஜானெரே 1965 வரை அங்கேயே தங்கி, அரசாங்கச் சம்பளத்தில் வேலை பார்த்தார்.

புது நகரத்தின் ஆபீஸ்களுக்கும், ஹைகோர்ட்டுக்கும், கல்லூரிகளுக்கும் ஆயிரக்கணக்கில் மேஜை நாற்காலிகள் தேவைப்பட்டன. நம் ஊர்த் தேக்கும், பிரம்பும், தச்சரின் கையும் போதும் என்று முடிவு செய்தார்கள். தேக்கைக் கறையான் எளிதில் அண்டாது. பிரம்புப் பின்னலில் காற்று புகும். வெயில் காலத்தில் முதுகு வேர்க்காது. காம்பஸ் கருவியை விரித்து வைத்தது போன்ற கால்கள் உறுதிக்கு உறுதி, அழகுக்கு அழகு. இந்த வேலையில் ஜானெரேயோடு சேர்ந்து உழைத்தவர்களில் யூலி சௌத்ரி என்ற இந்தியப் பெண்மணியும் ஒருவர். பல பட்டறைகளில் நம் தச்சர்கள் செய்து தள்ளினார்கள். குமாஸ்தாவும் மாணவனும் உட்கார்ந்து எழுதுவதற்காகப் பிறந்த நாற்காலி அது. செல்வந்தர் மாளிகைக்காகப் பிறந்தது அல்ல.

குப்பைக்குப் போன செல்வம்

ஆண்டுகள் பல கடந்தன. பிரம்பு அறுந்தது, கால் ஆடிற்று. பழுது பார்க்க ஆளில்லையா, மனமில்லையா? மொட்டை மாடியிலும் கொல்லைப் புறத்திலும் நாற்காலிகளை மலைபோல் குவித்தார்கள். பிறகு பழைய சாமான் என்று சொற்ப விலைக்கு ஏலம் விட்டார்கள். 1990-களின் இறுதியிலிருந்து வெளிநாட்டு வியாபாரிகள் வந்து அவற்றை வாங்கிக் கப்பலேற்றினார்கள். அங்கே மெருகேற்றி, புதுப் பிரம்பு பின்னி, ஏலத்தில் நிறுத்தியபோது லட்சக்கணக்கான ரூபாய்க்குப் போயிற்று! எந்த ஆபீஸ் நாற்காலி என்று தெரிவதற்காக நம் சிப்பந்திகள் வெள்ளைப் பெயிண்டில் எழுதிய எழுத்துக்களே, அது அசல் சரக்கு என்பதற்கு அத்தாட்சியாகி விட்டன.

2011-ல் மத்திய உள்துறை விழித்துக்கொண்டு, இந்தச் சாமான்களை விற்கக்கூடாது, பாதுகாக்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. ஆனால் ஏற்கெனவே போனவை போனவைதாம். 1972-ஆம் வருஷத்துப் பழம்பொருள் சட்டமும் கைகொடுக்கவில்லை. இத்தகைய பொருள் பழம்பொருளாக வேண்டுமானால் 100 வயது ஆகியிருக்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். நாற்காலிக்கோ அவ்வளவு வயது ஆகவில்லை!

"கலைஞனின் திறமைக்குக் கூலி கொடுக்க வேண்டாமா?" என்று சிலர் கேட்கலாம். அவசியம் கொடுக்க வேண்டும். ஆனால் ஏலத்தில் கொட்டிய அந்த லட்சங்களில் மரம் இழைத்த தச்சருக்கு ஒரு காசு உண்டா? பிரம்பு பின்னியவருக்கு உண்டா? ஜானெரே 1967-லேயே மறைந்துவிட்டார். லாபம் இடையில் நின்ற வியாபாரிக்கே போயிற்று.

வாங்குகிறவர்கள் கவனிக்க

இப்போது அதே மாதிரி நாற்காலிகளைப் புதிதாகச் செய்து வீடுகளுக்கு விற்கிறார்கள். இதில் தவறு இல்லை. நல்ல மரத்தில், நல்ல மூட்டோடு செய்து, "புதியது" என்று சொல்லி விற்றால் சந்தோஷமே. பழைய அசல் என்று சொல்லி விற்றால் அது பகல் கொள்ளை.

எந்த டிஸைன் ஆனாலும் முதலில் உட்கார்ந்து பாருங்கள். உள்ளங்கால் முழுவதும் தரையில் பதிகிறதா? ஆசனம் 17, 18 அங்குல உயரமும், சாப்பாட்டு மேஜை ஏறக்குறைய 30 அங்குல உயரமும் இருந்தால் பெரும்பாலோருக்குச் சௌகரியம். வீட்டிலுள்ள வயதானவர்களையும் உட்காரச் சொல்லுங்கள். தரையோடு தரையாகத் தாழ்ந்த ஸோபா படத்தில் அழகாக இருக்கும். மூட்டு வலிக்காரர் அதிலிருந்து எழுந்திருக்க இரண்டு பேர் கை கொடுக்க வேண்டும்! பிறகு நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்து, மூட்டுக்களைப் பாருங்கள். மரமா, அல்லது மேலே மெல்லிய தாளை ஒட்டிய மரத்தூள் பலகையா என்று கேளுங்கள். உடைந்தால் நம் ஊரில் சீர் செய்ய முடியுமா என்பதையும் விசாரியுங்கள். சீர் செய்ய முடியாத சாமான் எவ்வளவு மலிவானாலும் நஷ்டமே.

எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு. வீட்டுப் பரணையும் பின்கட்டையும் ஒரு தடவை பாருங்கள். தாத்தா காலத்துத் தேக்கு நாற்காலியோ, பிரம்பு அறுந்த சாய்வு நாற்காலியோ தூசி படிந்து கிடக்கலாம். அதைக் காயலான் கடைக்குத் தள்ளிவிட்டு, மரத்தூள் பலகையைத் தவணையில் வாங்கும் குடும்பங்கள் எத்தனை! சண்டிகரில் அதிகாரிகள் செய்த பிழையை நாமும் வீட்டுக்கு வீடு செய்துகொண்டிருக்கிறோம். மூட்டை இறுக்கி, புதுப் பிரம்பு பின்னினால் அது இன்னொரு தலைமுறைக்கு உழைக்கும். பின்னுகிறவர் வீட்டிலும் அடுப்பு எரியும். வேலை இல்லாமற் போனால் அவர் பிள்ளை அந்தத் தொழிலைக் கற்கப் போவதில்லை. பிறகு எவ்வளவு பணம் கொடுத்தாலும் பின்ன ஆள் கிடைக்காது.

நம் கையில் இருக்கும் பொருளின் மதிப்பை அந்நியர் வந்து ஏலம் கூறித்தானா நாம் தெரிந்துகொள்ள வேண்டும்?