ஐம்பது குட்பையையும் கிழிச்சுப் போடுங்கோ

ஸ்போக்கன் இங்கிலிஷ் வகுப்புக்குப் போன யாருடைய கொப்பியைத் திறந்தாலும் உள்ளுக்குள் ஒரு போட்டோகொப்பித் தாள் மடிஞ்சு கிடக்கும். 'விடைபெறுவதற்கான 50 ஆங்கில வாசகங்கள்'. இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் தமிழ். குட்பை, போய் வருகிறேன். பை பை, போய் வருகிறேன். ஃபெயார்வெல், அதுவும் போய் வருகிறேன். இப்படியே ஐம்பது வரைக்கும். அந்தத் தாளைக் கிழிச்சுப் போடச் சொல்லித்தான் இதை எழுதுகிறோம்.

எங்களில் ஒருத்தி அந்த ஐம்பதையும் பாடமாக்கினவள். போன வருசம் கொழும்பில் ஒரு கொம்பனியில் இன்ரவியூ. கேட்ட கேள்விகளுக்கெல்லாம் நல்லாத்தான் பதில் சொன்னாள். முடிஞ்சு எழும்பேக்க ஐம்பதில் ஒண்டும் வாயில் வரேல்லை. வந்தது இதுதான்: 'ஓகே சேர், ஐ வில் கோ அன்ட் கம்.' மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த மூண்டு பேரும் சிரிச்சவை. வேலை கிடைக்கேல்லை. அந்த வசனத்தால்தான் கிடைக்கேல்லை எண்டு நாங்கள் சொல்ல ஏலாது. ஆனால் அண்டைக்குப் பிறகு அவள் ஆங்கிலம் கதைக்க வாய் திறக்கிறதில்லை. அது எங்களுக்குத் தெரியும்.

முதலில் அந்தச் சிரிப்பைப் பார்ப்பம்.

'போறன்' எண்டு சொல்லிப்போட்டுப் படலை தாண்ட எங்கட அம்மம்மாமார் விடுவினமோ? 'போயிட்டு வாறன் எண்டு சொல்லு' எண்டு திருத்துவினம். சிங்களத்திலும் 'கிஹின் என்னம்' எண்டுதான் சொல்லுகிறார்கள். அதுவும் அதே போயிட்டு வாறதுதான். இந்தத் தீவின் இரண்டு மொழிகளும் ஒரே மாதிரி விடைபெறுகின்றன. அதனால்தான் இங்கத்தைய ஆங்கிலத்திலும் 'கோ அன்ட் கம்' வந்து குந்திவிட்டது. அந்த மூண்டு பேரும் காலமை வீட்டிலிருந்து வெளிக்கிடேக்க என்ன சொல்லிப்போட்டு வந்திருப்பினம் எண்டு நினைக்கிறியள்?

குட்பை மட்டும் என்ன திறமோ? 'கடவுள் உன்னோடு இருக்கட்டும்' எண்ட பழைய ஆங்கில வாழ்த்து, 16ஆம் நூற்றாண்டளவில் வாய்க்குள் தேய்ஞ்சு சுருங்கி வந்த சொல்லுத்தான் அது. அவை தேய்ச்சால் அது மொழி வரலாறு, நாங்கள் எங்கட வழக்கத்தைக் கொண்டுபோனால் பகிடியோ? சிங்கள இளைஞர்கள் ஆங்கிலத்துக்கு வைத்த பட்டப்பெயர் 'கடுவ', அதாவது வாள். திரு கந்தையா 1984இல் அந்தச் சொல்லையே தலைப்பாக வைத்து, இந்த நாட்டில் ஆங்கிலம் எப்படி அதிகாரத்தின் ஆயுதமாக இருக்கிறது எண்டு எழுதினார். அந்த வாள் இன்னும் மழுங்கேல்லை. அது எப்பவும் ஓங்கித்தான் வெட்டும் எண்டில்லை. சில நேரம் சிரிக்கும்.

ஆனால் ஒண்டை ஒப்புக்கொள்ளத்தான் வேணும். இந்தத் தீவுக்கு வெளியே ஒருவரிடம் 'கோ அன்ட் கம்' எண்டால், இப்ப திரும்பி வரப்போறாள் எண்டு அவர் காத்துக்கொண்டிருப்பார். எங்கே எது செல்லும் எண்டு தெரிஞ்சிருக்க வேணும். அதைச் சொல்லித்தர வேண்டிய தாள் என்ன செய்தது?

'குட் நைற்' பிரியேக்க சொல்லுறது, இரவில் ஒரு இடத்துக்குள் நுழையேக்க 'குட் ஈவினிங்' எண்டு தாளில் இல்லை. 'சீ யூ லேற்றர்' எண்டால் சந்திக்க நேரம் குறிச்சதாக அர்த்தமில்லை எண்டும் இல்லை. முதல் சந்திப்பில் 'நைஸ் ரு மீற் யூ', பிரியேக்க 'நைஸ் மீற்றிங் யூ' எண்ட சின்ன வித்தியாசம் இல்லை. 'ஃபெயார்வெல்' இப்ப பெரும்பாலும் பிரியாவிடைப் பார்ட்டிக்கான சொல். பின்னேரம் ஒபிஸிலிருந்து வெளிக்கிடேக்க அதைச் சொன்னால் வேலையை விட்டிட்டியள் எண்டு நினைப்பினம். 'சியர்ஸ்' பிரித்தானியாவில் கூட்டாளிக்கு நன்றியும் சொல்லும் விடையும் சொல்லும். இன்ரவியூவுக்கு அது சரிவராது. தாளில் எல்லாம் ஒரே வரிசையில், ஒரே எடையில்.

அவளுக்கு அண்டைக்குத் தேவைப்பட்டது 'தாங்க் யூ ஃபோர் யுவர் ரைம்'. அது தாளிலேயே இல்லை. ஏனெண்டால் அதில் 'பை' எண்ட சொல் இல்லை! விடைபெறுதல் ஒரு சொல் எண்டு தாள் நினைக்கிறது. அது சொல் இல்லை, ஒரு நடப்பு.

ஃபோனை எடுங்கோ. நாங்கள் யாராவது 'பை' எண்டு டக்கெண்டு வைக்கிறமோ? 'சரி அப்ப...', 'வேற என்ன?', 'அப்ப வைக்கட்டே?' எண்டு மூண்டு நாலு படி இறங்கித்தான் வைக்கிறம். ஆங்கிலத்திலும் அப்படித்தான். 1973இல் ஷெக்லொஃப், சாக்ஸ் எண்ட இரண்டு சமூகவியலாளர்கள் தொலைபேசி உரையாடல்களை ஆராய்ந்து, இரண்டு பக்கமும் 'ஓகே', 'வெல்', 'சோ' எண்டு சொல்லி 'இனிப் பேச ஒண்டுமில்லை' எண்டு ஒத்துக்கொண்ட பிறகுதான் 'பை' வருகிறது எண்டு காட்டினார்கள். அந்த 'ஓகே'யை எந்த வகுப்பு சொல்லித்தருகிறது?

செத்தவீட்டை யோசியுங்கோ. அங்கே 'போயிட்டு வாறன்' எண்டு நாங்கள் சொல்லுறதில்லை. சொல்லாமல் எழும்பி வாறதுதான் மரியாதை. இதை எந்தத் தாளிலும் படிக்கேல்லை. சின்ன வயசில் அம்மாவின்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு வெளியே வந்த நாளில் பழகினம். தன் மொழியில் எங்கே பேசாமல் இருக்க வேணும் எண்டுகூடத் தெரிஞ்ச பிள்ளையை, இன்னொரு மொழியில் ஐம்பது வசனம் ஒப்பிக்கிற கிளியாக்கிக் காசும் வாங்குறது என்ன படிப்பிப்பு?

'தொடக்கத்துக்கு ஒரு பட்டியல் வேணும்தானே' எண்டு ரீச்சர்மார் சொல்லுவினம். சரி, வையுங்கோ. ஆனால் வசனங்களை எண்ணாமல் வாசல்களை எண்ணுங்கோ. இன்ரவியூ அறை, கடை, ஃபோன், கூட்டாளி, துக்க வீடு. வாசலுக்கு இரண்டு வசனம், மொத்தம் பத்து. காணும். அதை வகுப்பில் எழும்பி நடந்து, கதவைத் திறந்து, பிழைவிட்டு, சிரிச்சுப் பழகட்டும். அங்கே சிரிச்சால் யாருடைய வேலையும் போகாது.

இன்ரவியூ மேசைக்கு அந்தப் பக்கம் நாளைக்கு இருக்கப்போற எங்கட வயசுக்காரருக்கும் ஒண்டு. ஒரு பிள்ளை 'ஐ வில் கோ அன்ட் கம்' எண்டு சொல்லி எழும்பினால் சிரிக்காதேங்கோ. 'ஓம், போயிட்டு வாங்கோ' எண்டு சொல்லுங்கோ.